வெளிறிய முகமும் வீங்கிய காலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சுகாதாரச் சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

ஆண்டு விழாவென்றால் இலக்கியம் பேசுவோரையும் சமயம் பேசுவோரையும் அழைப்பதே வழக்கம். இம்முறை ஒரு வைத்தியனையும் மேடையேற்றிய மன்றத்தாருக்கு என் நன்றி உரியது. செயலாளர் என்னை அழைக்க வந்தபோது, “ஐயா, எதைப் பற்றியும் பேசுங்கள், ஆனால் எங்கள் அம்மாமாருக்கும் விளங்கும்படி பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். நியாயமான வேண்டுகோள். மருத்துவத்தைத் தமிழிலே விளங்கச் சொல்லலாம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தை நம் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர் காட்டிய வழியில் நானும் சில அடிகள் நடக்க முயல்கின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. ஒருவருடைய முகம் வெளிறியிருக்கின்றது. அவருடைய கால்களும் வீங்கியிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? இரத்தம் காணாமையால் கால் வீங்குமா? இக்கேள்வியை என்னிடம் யாரேனும் கேட்காத மாதம் இல்லை. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஏன் முடியாது என்பதை, நான் கண்ட இருவரின் கதையைக் கொண்டு விளக்குகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் இளம் வைத்தியனாக ஒரு கிராமப்புற வைத்தியசாலையிற் பணி செய்த காலம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்கள் இரண்டும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது; எடுத்த பின்னும் அக்குழி மாறவில்லை. மூச்சு வாங்கியது. கட்டிலிற் படுக்கச் சொன்னோம். படுக்க முடியாமல் எழுந்து குந்திக்கொண்டார். கீழ்க் கண்மடலை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் கடதாசி போல் வெளுத்திருந்தது.

“கனக்க நடந்து வேலை செய்யிற மனிசி, ஐயா. அதுதான் கால் வீங்கினது எண்டு எண்ணெய் பூசி ஒத்தணம் குடுத்தனாங்கள்” என்றார் கணவர். பரிசோதித்தபோது, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 4 கிராம்தானும் இல்லை. பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். இவ்வளவு இரத்தம் எங்கே போயிற்று? கணவர் முன்னிலையில் அத்தாய் வாய் திறக்கவில்லை. தாதியொருவர் தனியே இருந்து ஆறுதலாய் விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தினால் யாருக்கும் சொல்லவில்லை. கருப்பையில் ஒரு கட்டி. புற்றன்று, சாதாரணக் கட்டி.

அன்பர்களே, இத்தாயின் கால் வீக்கத்துக்குக் காரணம் இரத்தக் குறைவே. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் உண்டு. நாம் சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றரை இறைத்துவிடுகின்றது. அவ்விரத்தத்திலுள்ள செங்குழியங்கள் மூச்சுக்காற்றின் உயிர்வளியை ஏற்றிச் செல்லும் வண்டிகள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஏறக்குறைய 120 நாளே ஆயுள். வயலில் நெல் ஏற்றப் பத்து வண்டி வேண்டும். மூன்றுதான் உண்டு என்றால் என்ன செய்வோம்? அம்மூன்றையும் ஓய்வின்றி ஓட்டுவோம். உடம்பும் அதையே செய்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. வண்டி தடையின்றி ஓடும்பொருட்டு இரத்தக் குழாய்களும் அகன்று கொடுக்கின்றன.

இங்கேதான் ஒரு தவறு நேர்கின்றது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது எல்லா வாய்க்காலையும் ஒருங்கே அகலமாய் வெட்டிவிட்டால், கடைசிப் பாத்தியில் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். அங்கே நிற்பவன், “கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது” என்றே எண்ணுவான். நம் சிறுநீரகம் அந்தக் கடைசிப் பாத்திக்காரன். குழாய்கள் அகன்று அமுக்கம் தாழ்ந்தவுடன், உடம்பில் நீர் இல்லையென்று எண்ணி, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றது. நீரோ உண்மையில் மிகுதியாகவே உண்டு. மிஞ்சிய நீர் குழாய்களிலிருந்து கசிந்து, பாரத்தினால் தாழ்ந்து, கால்களிற் சேர்கின்றது. இவ்வாறு உப்பும் நீரும் தங்குவதைக் கடுஞ்சோகையாளரிடம் அளந்து காட்டிய ஆராய்ச்சியொன்றை இந்தியாவின் சண்டிகார் நகர வைத்தியர்கள் மேனாட்டு வைத்தியரோடு சேர்ந்து 1993 இல் வெளியிட்டனர்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இஃது இரத்தம் மிகமிகக் குறைந்த நிலையில் நிகழ்வது. வளர்ந்தவர்களில் ஈமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே போனாலே அது கடுஞ்சோகை. கருப்பிணிகளுக்கு அவ்வெல்லை 7. இதயம் நலமாயுள்ள ஒருவருக்குச் சோகை மட்டும் காலை வீங்கச் செய்வது பெரும்பாலும் அதனினும் கீழே, நாலைந்து கிராம் அளவிலேயே. இதயம் முன்பே தளர்ந்தவருக்கு அது முந்தியும் வரலாம். பத்துக் கிராம் உள்ள ஒருவரின் கால் வீங்கினால், “இரத்தக் குறைவுதான்” என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

நிற்க. அத்தாயின் அண்ணன்மார் இரத்தம் கொடுத்தார்கள். ஒரு போத்தலை மட்டும் ஏற்றி, அதையும் துளித்துளியாகவே விட்டோம். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. “மூண்டு போத்தல் இருக்குது. சாகப் போற மனிசிக்கு ஏன் இப்பிடிக் கஞ்சத்தனம் பண்ணுறியள்?” என்று கேட்டார்கள். அக்கேள்வியில் இருந்தது அன்பு. ஆதலால் நான் கோபிக்கவில்லை. ஏற்கெனவே நீரால் நிரம்பித் திணறும் இதயத்தின்மேல் மூன்று போத்தலையும் ஒருங்கே ஊற்றினால், நுரையீரலில் நீர் கோத்து, காப்பாற்ற வந்த இரத்தமே உயிரைக் கொண்டுபோய்விடும் என்று விளக்கினேன். மெதுவாய் ஏற்றினோம், நீர் பிரியவும் மருந்து கொடுத்தோம். இரத்தம் ஏற ஏற வீக்கம் வடிந்தது. கட்டியும் பின்னர் அகற்றப்பட்டது. அவர் தம் காலால் நடந்தே வீடு சென்றார்.

இனி இரண்டாவது கதை. இதை மேடையிற் சொல்வது எனக்கு எளிதன்று.

நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என் பெரியப்பா திண்ணையில் இருந்தார். முகம் வெளிறி, கணுக்கால் தடித்திருந்தது. “என்ன பெரியப்பா, கால் வீங்கிக் கிடக்குது?” என்றேன். “அது ஒண்டுமில்லையடா தம்பி, படுத்தெழும்பினால் வத்திப்போம். நீ டொக்டராய் வந்து பாக்கத்தானே போறாய்” என்று சிரித்தார். நானும் என் அரைகுறை அறிவைக் கொண்டு கண்மடலை இழுத்துப் பார்த்தேன். “உங்களுக்கு இரத்தம் காணாது, அதுதான் கால் வீங்குது” என்று தீர்ப்பும் கூறினேன். இரும்புச்சத்துக் குளிசையும் ஒரு போத்தல் தொனிக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டேன். வீட்டார் யாவரும் மகிழ்ந்தனர். “பிள்ளை சொல்லிப்போட்டான்” என்று பெரியப்பா ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் அம்மருந்தைக் குடித்தார்.

அவருக்கு இருந்தது சிறுநீரக நோய். செங்குழியங்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்குக் கட்டளையிடும் எரித்ரோபொயிற்றின் என்னும் சுரப்பைத் தருவது சிறுநீரகமே. அது கெட்டால் இரத்தமும் குறையும். நீரும் பிரியாமல் காலில் தங்கும். வெளிறலும் வீக்கமும் அங்கே ஒன்றையொன்று பெற்ற தாயும் பிள்ளையும் அல்ல; ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நான் பிள்ளைகளைக் கண்டேன், தாயைத் தேடவில்லை. அன்றைக்கு அவருடைய சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கிற் காய்ச்சியிருந்தால், அதிலுள்ள புரதம் திரைந்து வெண்மையாய்க் கலங்கியிருக்கும். ஐந்து நிமிட வேலை. எனக்குத் தெரிந்த வேலையுங்கூட. நான் செய்யவில்லை. ஆறு மாதத்தின் பின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

அதனாலேதான் முதற் கேள்விக்கு இவ்வாறு விடை கூறுகின்றேன். கடுஞ்சோகை காலை வீங்கச் செய்யலாம். ஆயினும் பல வேளைகளில் இரண்டும் வேறொரு நோயின் இரு அடையாளங்களே. ஆகவே வெளிறிய முகத்தோடு வீங்கிய காலைக் கண்டால், “இரத்தம் குறைவு” என்பதோடு நின்றுவிடாமல், “இரத்தம் ஏன் குறைந்தது?” என்று கேட்க வேண்டும். நம் நாட்டு வைத்தியர்களும் இவ்விரண்டையும் சேர்த்தே பார்த்தவர்கள். பாண்டு என்று வெளிறலையும், சோபை என்று வீக்கத்தையும் கூறி, அயச்செந்தூரம் முதலியவற்றைக் கொடுத்தார்கள். நல்ல வைத்தியர் நாடி பார்க்காமல், நீர் பார்க்காமல் செந்தூரம் கொடுப்பதில்லை. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த மூல நோய்கள் எவை? முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கின்றேன்.

சிறுநீரக நோயைச் சொன்னேன். 1990 களிலிருந்து நம் நாட்டின் வடமத்திய மாகாணத்திலும் அயற் பகுதிகளிலும் கமக்காரரிடையே ஒருவகைச் சிறுநீரக நோய் பரவலாய்க் காணப்படுகின்றது. தொடக்கத்தில் அது வெளியே ஒன்றும் காட்டுவதில்லை. வெளிறலும் வீக்கமும் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே அப்பகுதியார் காலைப் பார்த்துக் காத்திராமல், நலமாயிருக்கும்போதே பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது கொழுக்கிப்புழு. 1880 ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்ட் சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர் பலர் வெளிறிச் சோர்ந்து விழுந்தபோது, அதற்குக் காரணம் இப்புழுவே எனக் கண்டனர். இலங்கையிலும் தோட்டத் தொழிலாளரை இது வாட்டிற்று. 1916 இல் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு இங்கே ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். இதில் ஓரினப் புழுவொன்று நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலீற்றர் அளவே. நூறு புழுவாயின் மாதத்துக்கு 90 மில்லிலீற்றர்! இரத்தத்தோடு புரதமும் போய்விடுகின்றது. குழாய்க்குள்ளே நீரைப் பிடித்து வைப்பது அப்புரதமே. அது குறைந்தால் நீர் கசிந்து கால் வீங்கும். இப்புழு இன்று முன்போல் இல்லை. இருந்தாலும் மலசலகூடமும் காலுக்குச் செருப்பும் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, பெரியோர்களே, உங்கள் சட்டைப்பையில் இருக்கின்றது. முழங்கால் நோவுக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்குளோபினக், இபுபுறோபன் போன்ற குளிசைகளைச் சொல்கின்றேன். இவை இரைப்பையைப் புண்ணாக்கி உள்ளே இரத்தம் கசியச் செய்யும். மலம் தார் போற் கறுத்துப் போவது அதன் அடையாளம். அதே குளிசை சிறுநீரகத்தைத் தாக்கி உப்பையும் நீரையும் தங்கவும் செய்யும். வெளிறலும் வீக்கமும் ஒரே குளிசையால்! இரத்த அமுக்கத்துக்குக் கொடுக்கும் அம்லோடிப்பின் என்னும் மருந்தும் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்வதுண்டு. அதற்காக அதை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வயது வந்த ஆண் ஒருவருக்குக் காரணமின்றி இரத்தம் குறைந்தால், குடலில் எங்கேனும் கசிவு உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். “மூலம்தான்” என்று தாமே முடிவு செய்து, குடற் புற்றுநோயை மறைத்து வைத்திருந்தவர்கள் உண்டு. ஈரல் நோயும் இதய நோயும் இப்பட்டியலிற் சேர்ந்தவையே.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பிணிக் காலத்தில் மாலை வேளையிற் பாதம் சிறிது வீங்குவது பலருக்கும் இயல்பு. ஆனால் முகமும் கையும் வீங்கி, தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். அப்பொழுதே வைத்தியசாலைக்குப் போங்கள். சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய், மற்றத் தாய்மார் தாங்கும் இரத்தப் போக்கைத் தாங்கமாட்டாள். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலமுதல் மருத்துவ மாதர் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் தரும் குளிசைகளை அலுமாரியில் அடுக்கி வைக்காதீர்கள். இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒரே வேளையில் போடவும் வேண்டாம். ஒன்று மற்றதைச் சேரவிடாது.

உணவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சோறு தின்ற கையோடு தேநீர் குடிப்பது நம் வழக்கம். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கீரையிலும் பயற்றிலும் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்ளுங்கள். அஃது இரும்பைச் சேரச் செய்யும். சைவ உணவுக்காரர் பாலையும் தயிரையும் ஒதுக்காதிருத்தல் நன்று. பீ12 என்னும் உயிர்ச்சத்து மரக்கறியில் இல்லை. அதன் குறைவாலும் சோகை வரும்.

எல்லாச் சோகையும் இரும்பால் தீராது. 1931 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி, பம்பாயிற் கருப்பிணிகளிடம் கண்ட ஒருவகைச் சோகையை மாமைற் என்னும் மதுவச் சாறு தீர்க்கின்றது என்று காட்டினார். நம் வீடுகளில் பாணிற் பூசித் தின்னும் அதே மாமைற்தான்! அதிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்பது பின்னரே தெரிந்தது. குருநாகல் முதலிய பகுதிகளில் காணப்படும் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகையிலோ, உடம்பில் இரும்பு மிஞ்சிக் கேடு செய்யும். அவர்களுக்குத் தொனிக் வாங்கிக் கொடுப்பது நஞ்சு கொடுப்பது போலாகும்.

இளைஞர்களே, நீங்கள் செய்யக்கூடியது என்ன? இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மம்மாவின், அப்பப்பாவின் காலைப் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மேல் பெருவிரலை வைத்துப் பத்தெண்ணும் நேரம் அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர். கீழ்க் கண்மடலையும் பாருங்கள். படியேற மூச்சு வாங்குகின்றதா, பச்சையரிசியோ மண்ணோ தின்ன ஆசை எழுகின்றதா என்று கேளுங்கள். அவ்வாசை இரும்புக் குறைவின் அடையாளமாகலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால், அது நரம்பில் இரத்தம் கட்டியதாயிருக்கலாம். அப்படியாயினும், படுத்தால் மூச்சு முட்டினாலும், நெஞ்சு நொந்தாலும் அன்றே கொண்டுபோங்கள். மற்றவர்களை அவ்வாரத்துக்குள் கொண்டுபோங்கள். இரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். அரசினர் வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் மருந்து சொல்ல வேண்டாம். கூட்டிக்கொண்டு போனாற் போதும்.

இன்னொன்றும் உண்டு. முதற் கதையிலே அத்தாயைக் காத்தது மூன்று போத்தல் இரத்தம். இரத்தத்தைக் கடையில் வாங்க முடியாது. நல்ல சுகத்தோடு, 18 வயது நிறைந்து, 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ளவர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கொடுக்குமுன் உங்கள் ஈமோகுளோபினையும் அளப்பார்கள், அது குறைந்திருந்தால் எடுக்கமாட்டார்கள். பிறருக்குக் கொடுக்கப் போய் உங்கள் குறையை நீங்களே அறிந்துகொள்வதும் ஒரு நன்மையே. மன்றம் ஆண்டுதோறும் ஓர் இரத்ததான நாளை நடத்துமாயின், நான் முதலாளாய் வந்து உதவுவேன்.

என் பெரியப்பா கடைசி நாட்களில் என்னை நொந்துகொள்ளவே இல்லை. “நீ தந்த தொனிக் நல்ல இனிப்படா” என்றுதான் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கின்றது. அன்று தொட்டு, வெளிறிய முகத்தோடு வீங்கிய காலைக் கண்டால், சிறுநீரைப் பாராமல் நான் ஒரு குளிசையும் எழுதியதில்லை. நான் பிந்திக் கற்றதை நீங்கள் முந்திக் கற்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.